வேலிக்கு நடுவே ஒரு பலகை

எங்கள் நெதர்லாந்தில் வீடு பார்க்கக் கால் மணி நேரம்தான் கொடுப்பார்கள். அதற்குள் மாடி ஏறி, குழாயைத் திறந்து, சமையலறையில் நின்று பெருமூச்சு விட்டு, ஆயுசு முழுக்கக் கட்ட வேண்டிய கடனுக்கு மனசைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். என் புருஷன் யோரிட் ஒரு சட்டை எடுக்கவே அரை நாள் நிற்கிற ஆள். அவனைக் கட்டிக்கொண்டு நான் வீடு தேடிக்கொண்டிருந்தேன்.

உத்ரெக்டில் நாங்கள் இருந்தது மேல்மாடியில் ஒரு வாடகை அறை. ஏணி மாதிரி படிக்கட்டு. சொந்தக்காரர் அதை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். வசந்தத்துக்குள் காலி செய்ய வேண்டும். எனக்கோ ஆறு மாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்கும்போதெல்லாம் வசந்தம் வந்தால் இந்தக் குழந்தையை எங்கே படுக்க வைப்பேன் என்ற நினைப்புதான்.

உத்ரெக்டில் எங்கள் கைக்கு எட்டியது ஒன்றும் இல்லை என்பதால், வேலைக்கு ரயிலில் போய் வரக்கூடிய ஊராகப் பார்த்து வூர்டனில் வீடு தேடினோம். அங்கேயும் அதே கதைதான். வீட்டுக்கு என்ன விலை தருகிறோம் என்று எல்லோரும் ரகசியமாக எழுதி புரோக்கரிடம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் என்ன எழுதினான் என்று தெரியாது. யோரிட் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு நியாயமான விலையை எழுதுவான். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு அநியாயக்காரன் அதற்கு மேல் எழுதுவான். ஒரு தடவை, வீட்டுக்காரியின் நாயைப் பற்றிக் கவிதை எழுதிக் கொடுத்த ஒரு ஜோடியிடம் தோற்றோம். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டே நடந்தோம். தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள். இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த வேலியில் 'விற்பனைக்கு' என்ற பலகை நின்றது. இடது பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பேச்சும் சிரிப்புமாக ஒரே இரைச்சல்.

"இதுதான். கூட்டத்தைப் பாரு, நமக்கு முன்னாடியே வந்து குந்திட்டாங்க" என்றேன்.

"போச்சு" என்றான் யோரிட். வீடு பார்க்க வந்தால் அவன் முதலில் சொல்வது அதைத்தான்.

வாசலில் ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "வாங்க வாங்க! அப்பாவோட பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்! கோட்டை இப்படிக் கொடுங்க."

கூடத்தில் காகிதத் தோரணம். சுவரோரமாக வட்டமாய் நாற்காலிகள், ஆளுக்கொரு காபிக் கோப்பை. யோரிட் என் காதில், "கெட்டிக்காரங்கப்பா. பிறந்தநாளையும் வீடு காட்டுறதையும் ஒரே நாள்ல வச்சுட்டாங்க. காபி ஒரே தடவை போட்டா போதும் பாரு" என்றான். எனக்கும் அது ரொம்ப இயல்பாகத்தான் பட்டது. எங்கள் சனங்களிடம் இந்தச் சிக்கனம் இல்லையென்றால்தான் ஆச்சரியம்.

பிறகு வட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னோம். பிறந்தநாள்காரர் வெஸ்ஸலுக்கு, அவர் பெண்டாட்டிக்கு, மச்சினனுக்கு, மச்சினனின் புதுச் சிநேகிதிக்கு. பிறந்தது அவர் ஒருவர்தான், எங்கள் வழக்கப்படி வாழ்த்து எல்லோருக்கும். நீங்கள் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவருடைய ஆட்கள் எங்களை அந்த அம்மா பக்கத்துச் சொந்தம் என்று நினைத்தார்கள். அந்த அம்மாவின் ஆட்கள் அவர் பக்கம் என்று நினைத்தார்கள். என் கையில் ஆப்பிள் கேக் வந்துவிட்டது.

"கால் மணிதான் இருக்கு. நீ கீழ பாரு, நான் மேல அளக்கிறேன்" என்று யோரிட் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்கு நழுவினான்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண். கேக்கைத் தொடவே இல்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தாள். மடியில் கோட்டு, எந்த நிமிஷமும் எழுந்து ஓடத் தயாராக. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இவளும் வீடு வாங்க வந்தவள்தான். போட்டிக்காரி! என்னைவிடப் பணக்காரி வேறு. கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் நல்லவள்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த வீடு வேண்டும்.

"இந்த வீடெல்லாம் எப்படி, நல்லா இருக்குமா?" என்று ஒன்றும் தெரியாதவள் போல் ஆரம்பித்தேன்.

"எந்த வீடு?"

"இந்த வரிசை வீடுதான்."

"நல்ல வீடுங்கதான்" என்றாள். குரல் கொஞ்சம் பிசிறடித்தது.

"பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மண்ணு கீழ இறங்குதாமே!"

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "யார் சொன்னது?"

"ஊரே சொல்லுதுங்க. இந்தப் பக்கமெல்லாம் சதுப்பு நிலம்தானே. விக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியுமாம். தெரிஞ்சும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்களாம். எவனாவது இளிச்சவாயன் வந்து மாட்டட்டும்னு காத்துட்டு இருக்காங்க."

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. கோப்பையை அவள் கீழே வைத்த வேகத்தில் காபி தட்டில் தளும்பியது. ஒரு ஆள் கழிந்தது என்று கேக்கின் மிச்சத்தை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் மாடியில் சத்தம் கேட்டது. கம்பளிச் சட்டை எடுக்க மேலே போன வெஸ்ஸல், தன் கட்டிலுக்கு அடியில் தரையை அளந்துகொண்டு கிடந்த என் புருஷனைக் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார். கையோடு கீழே கூட்டி வந்து வட்டத்துக்கு நடுவே நிறுத்தினார்.

"இவன் யார் வீட்டு ஆளு?"

மகள் விழித்தாள். "அம்மா பக்கம்னு நினைச்சேன்பா."

அவள் அம்மா, "எங்க பக்கத்துல இவ்வளவு ஒல்லியா யாருமில்ல" என்று கைகழுவினாள்.

யோரிட் மரியாதை தெரிந்தவன். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்: "ஐயா, ஒரே ஒரு கேள்வி. போகும்போது தரைப் பலகையை விட்டுட்டுப் போவீங்களா, இல்ல கழட்டி எடுத்துட்டுப் போவீங்களா?"

"நான் எங்கடா போறேன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உங்க வயசுக்காரங்க எங்க போவாங்களோ அங்க..."

வெஸ்ஸலுக்கு அன்றுதான் எழுபது முடிந்திருந்தது. அவர் மெதுவாக மகள் பக்கம் திரும்பினார். "நான் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கேன். அதுக்குள்ள வீட்டை வித்துட்டீங்களா?"

"ஐயோ அப்பா, இல்லப்பா!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்களைப் பார்த்து, "விக்கிறது பக்கத்து வீடுங்க! பலகையை நடு வேலில நட்டு வச்சிருக்கான் பாருங்க அந்த புரோக்கர்" என்றாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு புரோக்கர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நான் வேலியைத் தாண்டுவதற்குள் கார் தெருமுனை திரும்பிவிட்டது. போன் செய்தால், "உங்க நேரம் முடிஞ்சிடுச்சு, மேடம். இனி வீடு காட்ட வேற நேரம் இல்ல. திங்கட்கிழமை விலை எழுதிக் கொடுத்தாகணும்" என்றார்.

திரும்பி வந்து, முன்பின் தெரியாத அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்று ஓவென்று அழுதேன். "வசந்தத்துல வெளிய போகச் சொல்லிட்டாங்க. இந்தப் புள்ளையை நான் எங்க வச்சுப் பார்ப்பேன்?" என்று என்னென்னவோ சொன்னேன். வெட்கமெல்லாம் போய்விட்டது. யோரிட் என் தோளைப் பிடித்துக்கொண்டான். வெஸ்ஸலின் கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

"அட, அழாதம்மா. பிறந்தநாளும் அதுவுமா" என்றவர், வட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அலைட், சாவி உன்கிட்டதானே இருக்கு? உன் வீட்டை நீயே காட்டேன். அந்த புரோக்கர் என்ன, உன்னைத் தூக்கிலயா போடுவான்?"

என் பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து நின்றாள்.

வீடு காட்டும் நேரத்தில் விற்கிறவர் உள்ளே இருக்கக்கூடாது என்று புரோக்கர்கள் விரட்டிவிடுவார்கள். அவள் பக்கத்து வீட்டில் வந்து உட்கார்ந்து, தன் வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மண் அப்போது இன்னும் கொஞ்சம் இறங்கி என்னை அப்படியே விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அலைட் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பக்கத்து வீட்டின் அச்சுதான், இடவலம் மாறியிருந்தது. எனக்குப் பார்த்த நிமிஷமே பிடித்துப் போயிற்று. கூடத்தில் வெளிச்சம்; மாடியில் தொட்டிலுக்கென்றே ஒரு சின்ன அறை. பிடித்ததால் அவமானம் இன்னும் அதிகமாயிற்று. சமையலறையைத் தாண்டியதும் அலைட் பின்கதவைத் திறந்தாள். வாசலோரம் மரப்பெட்டிகள் மேல் பூந்தொட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக நகர்த்தினாள். தோட்டம் முழங்கால் ஆழத்தில் கீழே கிடந்தது.

"நீங்க சொன்னது இதைத்தானே? யாரு சொன்னா உங்களுக்கு? வெஸ்ஸலா?"

"யாரும் சொல்லலீங்க" என்றேன். "நானே கட்டிவிட்டது. நீங்களும் வாங்க வந்தவங்கன்னு நினைச்சேன். பயந்து ஓடட்டும்னுதான்... மன்னிச்சுக்குங்க. எனக்கு இந்த வீடு அவ்வளவு தேவையா இருந்துச்சு."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து, காலைத் தோட்டத்துப் பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாவி! நீங்க பேசப் பேச எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. வீடு ஆழமா அடிச்ச தூண் மேல கெட்டியாத்தான் நிக்குது, அதைப் பரிசோதிச்சாச்சு. தோட்டம்தான் இறங்குது. சில வருஷத்துக்கு ஒருக்கா மணல் கொட்டி நிரப்பணும். யாராவது கேட்டாச் சொல்லு, இல்லேன்னா வாயைத் திறக்காதேன்னுட்டான் புரோக்கர். ஒருத்தரும் கேக்கல. வந்தவங்க எல்லாம் அடுப்பைப் பார்த்துட்டு ஆகா ஓகோன்னு போயிட்டாங்களாம். எனக்குத்தான் ஒரு வாரமா சோறு இறங்கல."

"இங்கேருந்து எங்க போறீங்க?"

"கடலோரம் ஸேலாண்ட்ல ஒரு ஆள் கிடைச்சிருக்கார். படகு வீடு. அங்க எல்லாமே தண்ணி மேல, இறங்குற தொல்லையே இல்ல." சொல்லும்போது அந்த ஐம்பது வயசு முகம் சிவந்தது. "திங்கட்கிழமை காலையிலேயே புரோக்கர்கிட்ட சொல்லிடப் போறேன். விலை கேக்குற எல்லாருக்கும் இதைச் சொல்லிட்டுத்தான் விக்கணும்னு. போதும், மனசுல வச்சுக்கிட்டு என்னால முடியல."

இதற்குள் யோரிட் தோட்டத்தில் குதித்து, மண்டியிட்டு, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தான். எழுந்தபோது கால்சட்டை முழுக்கச் சேறு, முகத்திலோ அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வீடு பார்த்ததில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"என்ன கோளாறுன்னு தெரியாத வீடுன்னாதான் எனக்குப் பயம்" என்றான். "இது தெரிஞ்சுபோச்சே. இதை நான் பார்த்துக்கிறேன்."

அலைட் சொன்னபடியே செய்தாள். நாங்களும் விலை எழுதிக் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை மதியம் புரோக்கர் கூப்பிட்டார். குரலில் சுரத்தே இல்லை. மண் இறங்குகிற சேதி போனதும் பாதிப் பேர் விலகிவிட்டார்களாம். மீதிப் பேர், வீட்டை இனாமாகக் கேட்கிற மாதிரி விலையைக் குறைத்துவிட்டார்களாம். "நீங்க எழுதினதுதான் இப்போ மேல நிக்குது. அந்த அம்மாவும் உங்களுக்கே கொடுக்கச் சொல்றாங்க" என்றார். மணல் செலவைக் கழித்துவிட்டுத்தான் யோரிட் எழுதியிருந்தான்; அவன் அவன்தானே. நான் போட்ட கூச்சலில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அழுதுகொண்டே எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற நாளில் நோட்டரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நீட்டி முழக்கி வாசித்தார். விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளையெல்லாம் மறைக்காமல் வாங்குபவருக்குத் தெரிவித்திருக்கிறார் என்ற இடம் வந்ததும், மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்த அலைட் என் பக்கம் சாய்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு நான் யாருன்னு தெரியாமலே போயிருந்தா, பொய் சொன்னேன்னு என்னைத் தேடி வந்து சொல்லியிருப்பீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"மாட்டேன்" என்றேன்.

"நானும் தோட்டத்தைப் பத்தி மூச்சு விட்டிருக்க மாட்டேன்" என்றாள் அலைட்.

இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நோட்டரி வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று எங்களைக் கேட்டார். ஒன்றுமில்லை என்று இருவரும் சேர்ந்தே சொன்னோம். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.