இரண்டாவது வாசிப்பு முடியும் வரை

1

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம்தான். இதைப் படிக்கக் கூடாத ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள். அவளுக்குச் சீனம் தெரியும். ஆங்கிலமும் தெரியும் (எவ்வளவு தெரியும் என்பதை நேற்று அரசாங்கமே சோதித்தது). தமிழ் தெரியாது. ஹுனான் மாகாணத்தின் இந்த மூலையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள், நான் அறிந்தவரை, நான் ஒருத்திதான். அதனால் உங்களிடம் எல்லாவற்றையும் உரக்கவே சொல்லலாம்.

சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நேற்று மாலை நடந்தது இது.

2

தொடக்கங்கள்.

"ஜூன் எட்டாம் தேதி பிற்பகல் ஊர் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றது." நன்றாகத்தான் இருக்கிறது. பழைய சாமான் வாங்குபவர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார். பேருந்துகள் ஹாரன் அடிக்கவில்லை. பூங்காவில் நடனமாடும் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுச் சூரியகாந்தி விதை கொறித்தார்கள், அதையும் மெதுவாக. கல்லூரி நுழைவுத் தேர்வில் பிள்ளைகள் ஆங்கிலம் கேட்கும் அந்த இருபது நிமிடத்துக்கு வருடாவருடம் இப்படித்தான். ஆனால் இந்தக் கதையின் சத்தம் வெளியே இல்லை, தேர்வு அறைக்குள்ளே இருக்கிறது. இந்தத் தொடக்கம் வேண்டாம்.

"யின் ஷுவாங்குக்கு வலது காது கேட்காது." உண்மை. இதைப் படிக்கக் கூடாத அந்த ஒருத்தி, என் மாணவி, இவள்தான். ஆனால் இப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே நீங்கள் அவளைப் பார்த்து இரக்கப்பட்டு விடுவீர்கள். அவளுக்கு அது பிடிக்காது. அடித்துவிட்டேன்.

"மாதிரித் தேர்வுகளின் ஒலிப்பதிவில் வரும் பெண் குரல் என்னுடையது. ஆண் குரல் பாங் சாருடையது." இது இருக்கட்டும். எங்கள் பள்ளியில் இருபது வருடமாக இரண்டு பேரும் ஆங்கில ஆசிரியர்கள். ஒலிப்பதிவு உரையாடல்களில் பாங் சார் எப்போதும் பேருந்தைத் தவறவிடுவார். குடையைத் தொலைப்பார். நான் எப்போதும் ஆறுதல் சொல்வேன். பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

"சார், இன்னிக்குக் குடை கொண்டுவந்தீங்களா?"

"கொண்டுவந்தேன். பஸ்லயே விட்டுட்டேன்."

"எங்க விட்டீங்க, சார்? ஏ, பி, சி சொல்லுங்க!"

3

கதைக்குத் தேவையான ஒரு விஷயம். (பாடம் நடத்துவது என் தொழில். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவைக் கேட்டு ஏ, பி, சி என்ற மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்ன உரையாடல்களை ஒரு முறை வாசிப்பார்கள், நீளமானவற்றை இரண்டு முறை. கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் வாசிப்பிலேயே விடையைப் பிடித்துவிடுவார்கள். இரண்டாவது வாசிப்பு ஓடும்போது பக்கத்தைத் திருப்பி, அடுத்த கேள்விகளை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வார்கள். நாங்கள் பழக்கிய பழக்கம்தான் இது. ஒரு நொடியைக்கூட வீணாக்காதே என்று சொல்லிச் சொல்லி.

ஓர் அறையில் முப்பது பேர். முப்பது தாள்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புரளும். இரண்டு காதும் உள்ளவருக்கு அது ஒன்றுமேயில்லை. ஒரே காதால் கேட்பவருக்குத் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல. அந்த மழைக்குப் பின்னால் எங்கோ என் குரல் பாங் சாருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்.

யின் ஷுவாங் முதல் வாசிப்பில் குரலுக்குப் பழகுவாள். இரண்டாவதில்தான் கேட்பாள். அதில்தான் மழை கொட்டும். ஒரு காது நன்றாகக் கேட்பதால் அவளுக்கு விதிவிலக்கு கிடையாது. இடத்தைக் கணினி ஒதுக்கும், மாற்ற முடியாது. வாசிப்புப் பகுதியில் வகுப்பிலேயே அவள்தான் முதல். ஒரு பத்தியைக் கொடுத்தால் எழுதியவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். கேட்டல் பகுதிதான் அவளைக் கீழே இழுக்கும். அவள் கேட்டது ஒன்றுதான்: சாங்ஷாவில் ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகம், ஆங்கிலத் துறை. "உனக்கு எதுக்கு இங்கிலீஷ், கணக்கு எடுத்துக்கோயேன்" என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்டல் மதிப்பெண் ஏறாவிட்டால் அந்த வாசல் திறக்காது.

4

ஏப்ரலில் ஒரு மாதிரித் தேர்வு, எங்கள் வகுப்பறையிலேயே. வகுப்புத் தலைவன் பெய் லியாங் (வாய் மூடாத பையன், அவனை வாய் மூட வைக்கவே தலைவனாக்கினோம், பலிக்கவில்லை) முந்தின நாள் அவளுக்குத் தெரியாமல் எல்லாரிடமும் பேசி வைத்திருக்கிறான். இரண்டாவது வாசிப்பு முடியும் வரை யாரும் தாளைத் தொடக் கூடாது.

யின் ஷுவாங் அதுவரை வாங்காத மதிப்பெண் வாங்கினாள். விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அவன் மேசைக்குப் போனாள்.

"யாரோட ஐடியாடா இது?"

"எது?"

"நடிக்காத. ஒரு காகிதம்கூட அசையல. கிளாஸ் மொத்தமும் ஒரே நேரத்துல செத்தா போச்சு?"

"தூங்கிட்டோம். டீச்சர் குரல் அப்படி, தாலாட்டு மாதிரி."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த கேள்வியை முன்னாடி பாக்காததுல உனக்கு எத்தனை மார்க் போச்சு?"

"அது என் மூளையால போன மார்க். நீ பங்கு கேக்காத."

"இதோ பாரு. எனக்காக எவனும் மார்க்கை விட வேணாம். இன்னொரு தடவை பண்ணினா ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்களும்தான். எதுவும் செய்யாதீங்க."

செய்ய மாட்டேன் என்று தலையாட்டினேன்.

(இந்த இடத்தில், கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வதற்கு அதிகப் பணிவு வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதினேன். எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் பொருந்தும், கதைக்குப் பொருந்தாது.)

5

இன்று காலை அரிசி நூடுல்ஸ் கடையில் பாங் சாரிடம் கதையை இதுவரை வாயால் சொன்னேன். மிளகாய் எண்ணெயை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"இதுவரைக்கும் சரி, டீச்சரம்மா. சொந்த கிளாஸ் பசங்க, செய்வாங்க. ஆனா நேத்து நடந்ததை எழுதாதீங்க. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"நீங்க பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். அதுக்காக நம்பணுமா? உங்க கதைல எல்லாரும் நல்லவங்களாவே இருக்காங்கன்னு ஏற்கெனவே பேச்சு. ஒரு கெட்டவனையாவது போடுங்க. வேணும்னா என்னைப் போடுங்க."

அவரைக் கெட்டவராக்க முயன்றேன். "பாங் சார் கடுமையாகச் சொன்னார், இதெல்லாம் விதிமீறல் என்று—" முடியவில்லை. நேற்று அவர் செய்தது நேர்மாறு.

நேற்று ஆங்கிலத் தேர்வுக்கு முன்னால், பள்ளி வாசலில் நாங்கள் ஆசிரியர்கள் எல்லாரும் ராசிக்காகச் சிவப்பில் நின்றிருந்தோம். பெற்றோர் கையில், அதே ராசிக்கு, சூரியகாந்திப் பூக்கள். பாங் சாரின் சிவப்புச் சட்டை வயிற்றில் மூட மறுத்தது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டபடி நான் சிவப்புப் புடவை. பெய் லியாங் ஓடிவந்தான்.

"டீச்சர், வரிசைல நிக்கிறவங்ககிட்ட சொல்லப்போறேன். அவ ரூம் நம்பரைச் சொல்லி, ரெண்டாவது தடவை முடியற வரைக்கும் திருப்பாதீங்கன்னு."

"அவங்க யாரு, உன் மாமன் மச்சானா? மூணு ஸ்கூல் பசங்க. ஒவ்வொரு அரை மார்க்குக்கும் உயிரை விடறவங்க. உனக்காக எதுக்குச் செய்யணும்?"

"கேக்கறதுக்குக் காசா? அவளுக்குத் தெரியாம செஞ்சிடலாம்."

"எதுவும் செய்ய மாட்டேன்னு அவகிட்ட நான் தலையாட்டியிருக்கேன்."

"நீங்க எதுவும் செய்ய வேணாம். அங்க பாருங்க, அந்தச் சூரியகாந்திப் பூ நல்லா இருக்கு. அதையே பார்த்துக்கிட்டிருங்க."

எனக்குப் பயம். தேர்வு விதி ஏதாவது? பாங் சார் தாடையைச் சொறிந்தார்.

"விடை சொன்னா தப்பு. சத்தம் போட்டா தப்பு. சும்மா இருக்கறது தப்புன்னு எந்த விதியிலயும் இல்ல. ஓடுடா."

"பேரைச் சொல்லாத," என்றேன் நான்.

சூரியகாந்தியை நான் பார்க்கவில்லை. உள்ளே விடுமுன் சோதிக்கும் வரிசைகளைப் பார்த்தேன். பெய் லியாங் முன்னால் நின்ற ஒருவனின் காதில் எதையோ சொன்னான். அவன் முகம் சுளித்தான். (இங்கே என் நம்பிக்கை தொய்ந்தது, ஒப்புக்கொள்கிறேன்.) பிறகு அவன் முன்னால் குனிந்தான். அதற்கு அடுத்தவள் திரும்பிப் பக்கத்து வரிசையின் தோளைத் தட்டினாள். அதற்குள் கதவுகள் அவர்களை விழுங்கிவிட்டன.

"கடவுளே, இதுல தப்பு இருந்தா என்னைக் கேளும்," என்று முணுமுணுத்தேன்.

"உங்க கடவுளுக்கு இங்கிலீஷ் வருமா?" என்றார் பாங் சார்.

"நான் தமிழ்லதான் பேசுவேன்."

"அப்ப லிசனிங்ல அவரும் மாட்டிக்குவார்."

6

முதல் வாசிப்பு.

மூன்று மணி. ஊர் மௌனமானது. வாசலில் நூற்றுக்கணக்கான பெற்றோர், ஒருவரும் பேசவில்லை. சீப்பாவ் என்ற ராசியான நீள அங்கி அணிந்த அம்மாக்கள் விசிறியை மடக்கிவிட்டார்கள். மூன்றாம் மாடியில் எங்கோ அவள் இருக்கிறாள்.

"முப்பது கைகள் முப்பது தாள்களின் மேல்—"

இல்லை. நான் உள்ளே இல்லை. பார்க்காத அறையை எழுத எனக்கு உரிமையில்லை. நான் பார்த்தது மூடிய ஜன்னல்களை மட்டும். கேட்டது ஒன்றுமில்லை.

7

இரண்டாவது வாசிப்பு.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. முதலில் வெளியே பாய்ந்தவன் பெய் லியாங். தேர்வை எப்படி எழுதினான் என்று அவன் அம்மா கேட்டது அவன் காதில் விழவேயில்லை. வருகிறவர்களையெல்லாம் மறித்தான்.

"நீங்க எந்த ரூம்? திருப்பினீங்களா?"

வேற்றுப் பள்ளிப் பையன் ஒருவன், நெட்டையன், நின்றான். "எங்க ரூம்ல ஒருத்தரும் திருப்பல. முன்னால ஒருத்தன் பாதி திருப்பிட்டான். அப்புறம் ஞாபகம் வந்து தாளைக் காத்துலயே பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையான்னு வந்து பார்த்தார்!"

"அவ உங்க ரூம்லயா இருந்தா?"

"அவளா? அது ஒரு பையன்டா. ஜன்னல் பக்கம், கண்ணாடி போட்டவன். எனக்குத் தெரியும், முகத்துலயே இருந்துச்சு."

"போடா," என்றாள் பின்னால் வந்த ஒரு பெண். "அந்த ஆள் எங்க ரூம். கீழ் மாடி. ரெட்டைச் சடை போட்ட பொண்ணு. நான் அவளையே பார்த்துக்கிட்டிருந்தேன், பாவம்."

"ரெண்டு பேருக்கும் தெரியல. எங்க ரூம்லதான்," என்றான் இன்னொருவன்.

பெய் லியாங் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பெயரைச் சொல்லாதே என்று நான் சொன்னேன். வாய்க்கு வாய் போனதில் அறை எண்ணும் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது இவ்வளவுதான்: நம் அறையில் யாரோ ஒருவருக்குச் சரியாகக் காது கேட்காது, இரண்டாவது வாசிப்பு முடியும் வரை காத்திரு. எத்தனை அறைகளில் காத்திருந்தார்களோ, தெரியாது. காத்திருந்த ஒவ்வோர் அறையும் தனக்குள் ஒருவரைக் கண்டுபிடித்து, அவருக்காகக் காத்திருந்தது.

பாங் சார் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். நேரமெடுத்துத் துடைத்தார். (இதை எழுத வேண்டாம் என்று காலையில் கெஞ்சினார். தமிழில்தானே என்றேன்.)

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு யின் ஷுவாங் வந்தாள். எப்போதும்போல இடது காது என் பக்கம் இருக்கும்படி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. முகம் பளபளத்தது.

"டீச்சர்! உங்களுக்குத் தெரியுமா? எங்க ரூம்ல காது கேக்காத யாரோ இருந்தாங்க!"

பெய் லியாங் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடினான்.

"வரிசைல எனக்குப் பின்னால நின்ன பொண்ணு சொன்னா. யாருன்னு தெரியல. நானும் திருப்பவே இல்ல, டீச்சர். ரெண்டாவது தடவை முடியற வரைக்கும் கையை இப்படியே வச்சுக்கிட்டிருந்தேன்." உள்ளங்கையைக் காற்றில் விரித்து, இல்லாத தாளின்மேல் வைத்துக் காட்டினாள். "எல்லாருமே வச்சுக்கிட்டிருந்தாங்க."

பிறகு கேட்டாள்.

"அவங்களுக்குக் கேட்டிருக்குமா, டீச்சர்?"

8

முடிவு. மதிப்பெண் வர இன்னும் நாளாகும், ஆகவே அதை என்னிடம் கேட்காதீர்கள். சாங்ஷாவின் வாசல் திறக்குமா என்பது எனக்கும் தெரியாது. உங்களுக்கான கேள்வி வேறு.

ஆசிரியை என்ன பதில் சொல்வார்?

ஏ. "அது நீதான், கண்ணு."

பி. "கேட்டிருக்கும்."

சி. எதுவும் சொல்லாமல் அவள் கையில் ஒரு சூரியகாந்திப் பூவைக் கொடுப்பார்.

பாங் சார் நான்காவது ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார். "வரிக்கு நடுவுல இருக்கறதைப் படிக்கிற பொண்ணுக்கா தெரியாது? எல்லாம் புரிஞ்சுதான் கேட்டிருக்கா. நம்ம மூணு பேர் முகத்தையும் ஒரு வாசிப்பு வாசிச்சிருக்கா." இருக்கலாம். அவள் கண்ணின் ஓரத்தில் ஏதோ இருந்தது. வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டல் பகுதியில் மூன்று விடைகள்தான் உண்டு.

நேற்று நான் இந்த மூன்றில் ஒன்றைச் செய்தேன். எது என்று சொல்ல மாட்டேன். சரியான விடையும் என்னிடம் இல்லை. என்றாவது ஒரு நாள் அவள் இந்தப் பக்கங்களைக் கைபேசியின் முன் பிடித்துத் தன் மொழிக்கு மாற்றிப் படிக்கக்கூடும். அப்போது இங்கே எது எழுதியிருக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

அவசரமில்லை. அடுத்த கதைக்கு இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நீளமான உரையாடல்கள் இரண்டு முறை வாசிக்கப்படும். உங்கள் அறையிலும் யாராவது இருக்கக்கூடும்.

"அவங்களுக்குக் கேட்டிருக்குமா, டீச்சர்?"