புழுவைக் கண்ட சாட்சி

ஐஸ்லாந்தின் லாகர்ஃப்ளியோட் ஏரியில் ஒரு ராட்சதப் புழு இருக்கிறது. முன்னொரு காலத்தில் ஒருத்தி, தங்கம் வளரும் என்று நம்பி மோதிரத்தோடு ஒரு குட்டிப் புழுவைப் பெட்டியில் வைத்தாளாம். தங்கம் அப்படியே கிடந்தது, புழு பெட்டி கொள்ளாமல் வளர்ந்தது. மிரண்டுபோய்ப் பெட்டியை ஏரியில் வீசிவிட்டாள். அன்றிலிருந்து கரையோர ஊர்களுக்கு அதுதான் பெருமை. பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது, ஆடுகளைத் தவிர?

அந்த ஆடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் ஸ்டெய்ன்வர். ஐஸ்லாந்தில் புத்தகம் எழுதாதவர்களைத்தான் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். ஐம்பத்தொரு வயதுவரை அந்தப் பார்வையைத் தாங்கியவள், ஒரு குளிர்காலத்தில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு ஒரு படப் புத்தகம் எழுதி, தானே வரைந்தும் முடித்தாள். அந்தக் கதையில், பனியாற்றுத் தண்ணீரிலேயே கிடந்து புழுவுக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. ஒரு தும்மலில் கரையில் மேய்ந்த ஆடுகள் தேவாலயக் கூரையில் போய் விழுகின்றன. ஊரே கூடி அதற்குக் குல்லாவும், கை வைத்த ஸ்வெட்டரும் பின்னுகிறது. புழுவுக்கு ஏது கை என்று கடைசிப் பக்கத்தில்தான் யோசிக்கிறார்கள்.

புத்தகம் வந்த சனிக்கிழமை, ஊர் கூடிப் பேசும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு மூழ்கியபடி ஹ்யால்டி அவளுக்காகக் காத்திருந்தான். ஆட்டுப் பண்ணைக்காரன். 1987இல் டிராக்டரில் இருந்தபடி புழுவை நேரில் கண்டவன். அதை அந்தத் தொட்டியில் கேட்காத ஆள் ஊரில் இல்லை.

"புழுவுக்குக் காது எங்கேருந்து வந்துச்சு?" என்றான், அவள் தொட்டியில் இறங்கியதும்.

"குல்லா நிக்கணும்ல. காது இல்லன்னா கண்ணுல இறங்கிடும்."

"நான் பாத்தவன் ஸ்டெய்ன்வர். மூணு திமில், காது கிடையாது. ஆராய்ச்சியே பண்ணாம எழுதியிருக்க."

"அடுத்த தடவ வந்தா கூட்டிட்டு வா. அளவெடுத்து வரையறேன்."

தொட்டி சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் முதல் புத்தகம் ஆயிற்றே, உள்ளே சுருக்கென்றது.

"அடுத்த வாரம் நூலகத்துல உன் புத்தகத்த வாசிச்சுக் காட்டுறியாமே, வரேன். பிள்ளைங்களுக்கு உண்மை தெரியணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

சொன்னபடியே வந்தான், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஏரியின் வரைபடமுமாக. தும்மல் பக்கத்தில் குழந்தைகள் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கினான். "நடந்தது வேற!"

"வா, வந்து சொல்லு" என்று ஸ்டெய்ன்வர் தன் நாற்காலியையே கொடுத்தாள். பெருந்தன்மை ஒன்றுமில்லை, எதிரே உட்கார்ந்திருந்த கூட்டத்தை அவளுக்குத் தெரியும்.

எட்டு வயது பிர்தா ஆரம்பித்தாள். "ஹ்யால்டி, அது உன்னப் பாத்துச்சா?"

"பாத்துச்சே! இடது கண்ணால."

"எந்தப் பக்கமா நீந்துச்சு?"

"எனக்கு வலப்பக்கமா."

பிர்தா எழுந்து, அவனுக்கு வலப்பக்கமாக நீந்திக் காட்டினாள். "அப்ப வலது கண்ணுதான உன் பக்கம் இருக்கும்?"

ஹ்யால்டி வரைபடத்தைப் பார்த்தான். அதில் கண் எதுவும் குறித்திருக்கவில்லை. அவன் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. இந்தக் காட்சிக்காகத்தான் ஸ்டெய்ன்வர் ஒரு வாரம் காத்திருந்தாள். வந்ததும் ஏனோ ருசிக்கவில்லை.

"திரும்பிப் பாத்திருக்கும். நீளக் கழுத்துதான" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"திரும்பிச்சு!" என்று துள்ளினான் ஹ்யால்டி. "மெதுவா... தண்ணி சொட்டச் சொட்ட..." பிறகு அவன் நிறுத்தவே இல்லை. குழந்தைகள் வாய் பிளந்து அவன் முழங்கால்வரை நகர்ந்துவிட்டார்கள். தும்மல் பாதியில் நிற்க, அவள் புத்தகம் ஜன்னலோரம் கவிழ்ந்து கிடந்தது. இரக்கப்பட்டதற்குக் கிடைத்த கூலி அது.

மறு குளிர்காலம் ஹ்யால்டியும் தான் கண்டதைப் புத்தகமாக எழுதிவிட்டான். வேறென்ன செய்வான்? முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், பின்னிணைப்போடு. நூலகர் சோல்ரூன் அதைக் குழந்தைகள் அலமாரியில் வைத்தாள்.

"இது ஆவணம்!" என்று அவன் கத்தியபோது ஸ்டெய்ன்வர் அங்கேதான் இருந்தாள், அதே புத்தகத்தை இரவல் எடுக்க.

"பெரியவங்க யாரும் தொடல" என்றாள் சோல்ரூன். "பிள்ளைங்க பதினாலு பேர் வரிசையில நிக்கிறாங்க. இவ பதினஞ்சாவது."

ஹ்யால்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "கீழ்த் தட்டுல வை," என்றான், "சின்னதுங்களுக்கு எட்டட்டும்."