அறுபதில் ஒரு கோடு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. ஒருவர் வந்து எழுதச் சொன்னார். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், பிறகு யாரும் என் கற்பனை வளத்தைப் பாராட்டித் தொலைக்க வேண்டாம்.

அக்கா இறந்து நான்கு மாதம் ஆனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மாமா வந்தார். மாமா என்றால் அக்காவின் கணவர். கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைப் பழுது பார்ப்பவர். கையில் ஒரு கிராஃப் நோட்டு. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். நோட்டை என் மேசைமேல் வைத்தார்.

"நீ எழுதறவதானே. இதை எழுது. நான் காத்துக்கிட்டு இருந்ததுல உங்க அக்கா போயிட்டா. அப்படியே எழுது, மழுப்பாத."

எழுதிவிடலாம். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துச் சொன்னது. மாமாவிடம் சொல்லவே கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டாள். அதைக் கதையில் போட்டால் அக்காவுக்குச் செய்யும் துரோகம். போடாவிட்டால் இந்த மனிதர் மொத்தப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்டுவார். ஆறு வாரமாக இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று நான்கு மணிக்குப் பிரதியை வாங்கிப்போக வருகிறார்.

இப்போது மணி ஒன்று இருபது.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"எடை மெஷின் பொய் சொல்லாது என்று நம்பிய ஒரு மனிதர் இருந்தா—" சீ. நீதிக்கதை வாடை.

"பங்குச் சந்தை திறக்க அரைமணி நேரம் இருக்கும்போது அவர் இஸ்திரிப் பலகையை விரித்து அதன்மேல் கம்ப்யூட்டரை—" இது உண்மை. வீட்டில் வேறு மேசை இல்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் மாமா கோமாளி ஆகிவிடுவார். அவர் கோமாளி இல்லை.

"என் அக்கா கொஞ்சம் குண்—" அடித்துவிட்டேன். இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாள்.

சரி, நேராகச் சொல்கிறேன். மாமாவுக்கு ஷேர் வாங்கி விற்பது பதினொரு வருடப் பழக்கம். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, முதலாளி யோக்கியனா என்றெல்லாம் கேட்க மாட்டார். விலையின் கோடு போதும். கடைசிப் பத்து நாள் சராசரியை நீல மையிலும், நாற்பது நாள் சராசரியைச் சிவப்பிலும் வரைவார். நீலம் சிவப்பை வெட்டிக்கொண்டு மேலே போனால் வாங்கு, கீழே போனால் வில். இதைக் கம்ப்யூட்டரே ஒரு நொடியில் போட்டுக் காட்டும். மாமா அதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடி கையால் வரைவார். கை போட்ட கோட்டைத்தான் கண் நம்புமாம்.

அப்புறம் சப்போர்ட். ஒரு ஷேர் ஒவ்வொரு தடவையும் விழுந்து எந்த விலையில் நின்று திரும்புகிறதோ, அந்த இடத்தில் படுக்கையாக ஒரு பென்சில் கோடு. விலை அதை உடைத்துக்கொண்டு கீழே போனால் விற்றுவிட வேண்டும். ஆனால் உடனே இல்லை. உடனே விற்று ஒருதரம் சூடுபட்டவர் அவர். கோடு உடைந்த அன்றே விற்றார், மறுநாளே விலை மேலே ஏறியது, பிறகு இரண்டு வருடத்தில் மூன்று மடங்கு ஆனது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டார்: தொடர்ந்து மூன்று நாள் கோட்டுக்குக் கீழே முடிந்தால்தான் அது நிஜச் சிக்னல். நடுவில் ஒருநாள் மேலே வந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

[ஓரக்குறிப்பு: வட்டம். சில நாட்களில் சந்தையில் ஈ, காக்கை இருக்காது. நாலே பேர் வாங்கி விலையை ஏற்றியிருப்பார்கள். அந்த நாளின் புள்ளியைச் சுற்றி மாமா பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். இந்த ஏற்றம் நிஜம் இல்லை, கணக்கில் சேர்க்காதே என்று அதற்கு அர்த்தம். கதைக்கு இது தேவையா என்று தெரியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.]

3

அக்கா ஒரு சலவைக் கடையில் கவுண்டரில் நின்றாள். துணி வாங்கி, எண் எழுதிய துண்டை ஊக்கால் குத்தி, ரசீது கொடுப்பது வேலை. நாள் முழுக்க நின்றும் எடை ஏறுகிறதே என்று அவளுக்கு ஒரு கடுப்பு. எழுபத்தொன்றில் இருந்தாள். அறுபத்துநாலுக்கு வந்துவிட வேண்டும் என்று கிளம்பினாள்.

ஒருநாள் மாமாவின் நோட்டை எட்டிப் பார்த்து, ஊரான் கம்பெனியை எல்லாம் வரைகிறீர்களே, கட்டின பெண்டாட்டியையும் ஒரு கோடு போட்டு வரையக்கூடாதா என்று சீண்டியிருக்கிறாள். மாமா அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். பட்டறையிலிருந்து நல்ல மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து குளியலறை வாசலில் வைத்தார். தினமும் காலையில் டீக்கு முன்னால் அக்கா ஏறி நிற்பாள், மாமா எண்ணைக் குறிப்பார். ஷேர்களுக்கு நோட்டின் முன்பக்கம், அக்காவுக்குப் பின்பக்கம். அதே நீலம், அதே சிவப்பு.

ஐந்து மாதத்தில் அறுபத்துநாலு வந்தது. மூன்று பேரும் போய் கேக் சாப்பிட்டோம். அக்கா அன்றோடு பத்தியத்தை விட்டாள், டீயில் மறுபடி இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டாள்.

எடை மட்டும் நிற்கவில்லை. அறுபத்துமூன்று. அறுபத்திரண்டு.

வேறு வீடாக இருந்தால் யாராவது பதறியிருப்பார்கள். மாமா முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டார். அவருடைய தொழில் அது. இருபது கிலோ படிக்கல்லை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். மெஷின் சரியாக இருந்தது. அடுத்து நோட்டை எடுத்து, அறுபதில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"கல்யாணத்தப்ப அறுபது. அதுக்குக் கீழ அவ போனதே இல்ல. அங்க வந்து நின்னுடும்."

நான் அங்கேதான் இருந்தேன். அக்காவின் பாவாடை இடுப்பில் சலவைக் கடை ஊக்கு ஒன்று குத்தியிருந்தது, துணி நழுவாமல் இருக்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? கோடு உடைந்தால் மாமா உன்னை விற்றுவிடுவார், பார்த்து இரு என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். இந்த வரியை இங்கிருந்து எடுத்துவிட ஏழு தடவை முயன்றேன்.

[இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கதை எனக்குச் சோறு போடுவதில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாளில் எழுத்துப்பிழை பார்ப்பதுதான் என் சம்பள வேலை. "காரணமின்றி உடல் எடை குறைந்தால் உடனே மருத்துவரை அணுகவும்." இந்த வாக்கியத்தை அந்த ஒரு வருடத்தில் நாற்பது தாள்களிலாவது சரிபார்த்திருப்பேன். "காரணமின்றி"யைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று மேலாளரோடு சண்டைகூடப் போட்டேன். எழுத்தைப் பார்த்தேன். என் அக்காவைப் பார்க்கவில்லை.]

4

இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறேன், மன்னியுங்கள்.

முதல் தடவை: 59.8. மறுநாள் 59.6. மூன்றாம் நாள் 60.1. மாமா பெருமூச்சு விட்டு எண்ணிக்கையை அழித்தார்.

பத்து நாள் கழித்து மறுபடி இரண்டு நாள் கீழே, மூன்றாம் நாள் மேலே. அதற்குப் பிறகு இன்னொரு தடவையும் அதேபோல.

அதே மாதத்தில் அவர் கையில் இருந்த ஒரு ஷேரும் கோட்டை உடைத்து இரண்டு நாள் கீழே கிடந்தது. எல்லோரும் விற்றார்கள், மாமா விற்கவில்லை. மூன்றாம் நாள் மேலே வந்தது, அப்படியே ஏறிக்கொண்டே போனது. நான் மட்டும் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், பொருத்தம் பார்த்துக் கோத்திருக்கிறாள் என்று நீங்களே திட்டுவீர்கள். நோட்டில் முன்பக்கமும் பின்பக்கமும் இருக்கிறது, வந்து பாருங்கள். பதினொரு வருடத்தில் அவருடைய விதி அவ்வளவு அழகாகப் பலித்தது அந்த மாதம்தான்.

நான்காவது தடவை மூன்று நாளும் கீழேயே நின்றது. 58.7, 58.4, 58.1. மூன்றாம் எண்ணைக் குறித்த கையோடு, டீகூடக் குடிக்காமல், அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். விதியை அவர் ஒருநாள்கூடத் தாண்டவில்லை.

எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டிருக்கிறார். மாமா நோட்டை நீட்டினார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாராம்.

"இவ்வளவு சுத்தமா எழுதி யாரும் கொண்டு வந்ததில்ல," என்றாராம்.

பிறகு கோட்டைத் தொட்டு, இந்த இடத்திலேயே என்னிடம் வந்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறார். அதாவது, ஒன்றரை மாதம் முன்னால். அவர் விரல் வைத்த இடம் அந்த முதல் 59.8.

பத்து வாரம் இருந்தாள். அவள் போன மறுவாரம் மாமா தன்னிடம் இருந்த ஷேர் அத்தனையையும் ஒரே காலையில் விற்றுவிட்டார். எந்தச் சிக்னலும் இல்லாமல்.

5

[இந்தப் பகுதி ஒரு பிரதியில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது.]

ஆஸ்பத்திரி, மத்தியானம். மாமா கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். அக்கா கட்டிலில் சாய்ந்து ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், சாப்பிடுவதற்கில்லை, சும்மா. திடீரென்று சொன்னாள்.

"அந்த மூணாம் நாள் எல்லாம் நான் தண்ணி குடிச்சிட்டுத்தான்டி ஏறினேன். ஒரு சொம்பு."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அரை லிட்டர், அரைக் கிலோ. ஏன் என்று அவளே சொன்னாள்.

"ரெண்டு நாள் கீழ போனா மனுஷன் சரியா சாப்பிடறதே இல்ல. மூணாம் நாள் கோட்டைத் தொட்டுட்டா, ஷேவ் பண்ணிக்கிட்டே என்னமோ முணுமுணுப்பார் பாரு, ராகமும் கிடையாது ஒண்ணும் கிடையாது. அதைக் கேக்கணும்போல இருந்துச்சு. எனக்கும் பயம்தான். அதைக் கேட்டா பயம் போயிடும்."

நான்காவது தடவை நாலு சொம்பு குடித்தாளாம். வயிறு தாங்கவில்லை, குளியலறையிலேயே வாந்தி.

"அவர்கிட்ட சொல்லாத. நீ கதைக்காரி, வாயை வச்சிட்டு சும்மா இருக்க மாட்ட. கையைக் குடு."

கொடுத்தேன்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: ஐந்தாம் பகுதி இல்லாத பிரதியை மாமாவிடம் கொடுக்கிறேன். அவர் படிக்கிறார், சரியாக எழுதியிருக்கிறாய் என்கிறார், தன் தண்டனையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்.

இரண்டாம் முடிவு: முழுப் பிரதியைக் கொடுக்கிறேன். பழியில் பாதி இறங்குகிறது. ஆனால் அது அக்காவின் மேல் போய் இறங்குகிறது. அவள் பதில் சொல்ல இங்கே இல்லை.

மூன்றாம் முடிவில் அக்கா இரண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போ— இது எழுதக்கூடாத முடிவு. எழுதினேன், கிழித்தேன், பிறகு ரொம்ப நேரம் அழுதேன். கதைக்குள் அழுகையைப் போடக்கூடாது என்று நானே மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். போகட்டும்.

இப்போது மணி மூன்று ஐம்பது. அரைமணி நேரத்துக்கு முன்னால், எண்களைக் கடைசியாக ஒருதரம் சரிபார்க்கலாம் என்று நோட்டைத் திறந்தேன். பிழை பார்ப்பவளின் புத்தி. இதுவரை ஓரத்தில் இருக்கும் எண்களை மட்டுமே பார்த்து எழுதியிருந்தேன். இன்றைக்குத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து படத்தையே பார்த்தேன்.

60.1 என்ற புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் இருக்கிறது.

இரண்டாவது தடவையின் மூன்றாம் நாளிலும் இருக்கிறது. மூன்றாவது தடவையிலும். அக்காவின் பக்கங்களில் வேறு எங்குமே வட்டம் இல்லை.

அவள் போனபிறகு போட்டிருப்பார் என்றுதான் நினைக்கப் பார்த்தேன். அப்படி இல்லை. அந்தந்த வார ஞாயிற்றுக்கிழமை வரைந்த நீல மை, பென்சில் வட்டத்தின் மேலே ஏறிப் போயிருக்கிறது. வட்டம் முதலில், கோடு பிறகு. அன்றைக்கே போட்டிருக்கிறார். இந்த ஏற்றம் நிஜம் இல்லை, கணக்கில் சேர்க்காதே என்று தன் கையாலேயே குறித்திருக்கிறார். எடை மெஷின்காரருக்கு அரைக் கிலோ தண்ணீர் தெரியாமல் இருக்குமா? நான்தான் மடச்சி.

குறித்துவிட்டு, கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறார். எண்ணிக்கையை அழித்திருக்கிறார். அதற்குப் பிறகு போய், அவள் காதில் விழும்படி, ஷேவ் பண்ணிக்கொண்டே முணுமுணுத்திருக்கிறார்.

ஆக, தண்ணீர் அவருக்குத் தெரியும். எதற்காகக் குடித்தாள் என்பது தெரியாது. அதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலா, அடியா? அந்த முணுமுணுப்பைக் கேட்கத்தான் அவள் குடித்தாள் என்று தெரிந்தபிறகு அவர் எப்படி முகம் மழிப்பார்? அப்படியே எழுது, மழுப்பாத என்று சொல்லி இந்த நோட்டை என்னிடம் கொடுத்தாரே, வட்டத்தை நான் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் கொடுத்தாரா? எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இரண்டு பிரதிகளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று இரண்டு தாள் தடிமன் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவர் எப்போதும் சொன்ன நேரத்துக்கு வருகிறவர். நான் கதவைத் திறக்கப் போகிறேன். நான் திரும்பி வருவதற்குள், இரண்டில் ஒன்றை நீங்கள் எடுத்து ஒளித்துவிடுங்கள்.