தாடிக்காரர் சொன்ன கரணத்தான்

பெயின்ட் கம்பெனிக் கணக்கர் கல்யாணமான புதிதில் தன் வேலையைப் பற்றி மனைவியிடம் ஆசையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் கொட்டாவி விட்டாள். அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவள், அகராதி அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

“ஏங்க, உங்க வேலைக்கு அந்தக் காலத்துல என்ன பேர் தெரியுமா? கரணத்தான்!”

“குட்டிக்கரணம் போடுறவனா?”

“சும்மா இருங்க. கரணம்னா செய்யறது, எழுதிவைக்கிற பத்திரம், கணக்கு, எல்லாம்தான். வடமொழியிலேர்ந்து வந்தது. அதைப் பாத்துக்கறவர் கரணத்தான். ஊர்க்கணக்கரைக் கர்ணம்னு சொல்வாங்களே, அதுவும் இதுலேர்ந்துதான். தாடிக்காரர் எவ்வளவு அழகா சொன்னார் தெரியுமா!”

தாடிக்காரர் அந்த அகராதியின் பதிப்பாசிரியர். கொஞ்ச நாளாகவே வீட்டில் எதை எடுத்தாலும் அவர் பேச்சுத்தான். கணக்கருக்கு வயிறு பற்றி எரிந்தது. கட்டினவன் சொன்னால் கொட்டாவி, கண்டவன் சொன்னால் பூரிப்பா?

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று கிளம்பினார். அகராதி அலுவலகத்தில் அவரைக் கண்டதும் மனைவி திருதிருவென்று விழித்தாள். தாடிக்காரர் பார்க்க லட்சணமாக வேறு இருந்தார்.

“நீங்கதான் அவங்க வீட்டுக்காரரா? வாங்க, வாங்க! உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன். குறிப்பேட்டுக்கும் பேரேட்டுக்கும் என்ன சார் வித்தியாசம்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

கேட்க வந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு, அதையே கணக்குவாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு என்று கணக்கர் ஆரம்பித்தார். பேச்சு வளர்ந்தது. தாடிக்காரர் அவர் தோளில் கைபோட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது கணக்கர், “அடுத்த வாரமும் வரேன் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கையில் மனைவி உம்மென்று வந்தாள்.

“நல்ல மனுஷன். நான்தான் என்னென்னமோ நினைச்சுட்டேன்” என்றார் கணக்கர்.

“உங்களுக்கு நல்ல மனுஷன்தான். ஒரு வருஷமா பக்கத்து மேஜையில உக்காந்திருக்கேன். என்னை ஒரு நாளாவது டீ குடிக்கக் கூப்பிட்டிருப்பாரா?”

கணக்கர் சிரிக்கப் போனார். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. தணிந்திருந்த எரிச்சல் மறுபடி பற்றிக்கொண்டது.

“அடுத்த வாரம் நான் வரலை” என்றார்.

“அதெல்லாம் வாங்க” என்றாள் அவள். “மூணு பேராப் போவோம்.”

கணக்கர் நடையை எட்டிப் போட்டார்.