கிணற்றில் வந்த வாசம்

முதலமடைக்குக் கிழக்கே, தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் இறங்குகிற பொட்டல் ஒன்று இருந்தது. அதையொட்டிய நாச்சம்மாளின் கிணற்றில் பெட்ரோல் வாடை அடிக்கிறதென்று ஊரே கூச்சல் போட்டதும் பெட்ரோல் கம்பெனி ஓர் அதிகாரியை அனுப்பியது. படித்தவரல்லவா, பொட்டலில் தை மாதம் புதைத்த புது பெட்ரோல் டாங்கிதான் ஒழுகுகிறதென்று வந்த அன்றே முடிவுகட்டிவிட்டார். தோண்டிப் பார்த்தால் அதில் ஒரு சொட்டுக் கசிவில்லை.

"வாடை எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"பங்குனியிலீங்க," என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

"எனக்கு ஐப்பசியிலயே வந்துதுங்க," என்றாள் நாச்சம்மாள்.

ஐப்பசியில்தான் அவள் புருஷன் பேர்சியாவுக்கு வேலைக்குக் கப்பலேறினான். அதுவரை விமானங்களுக்குப் பெட்ரோல் நிரப்பியவன் அவன்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் கழுத்தைவிட்டு அந்த வாசம் போகாது.

"அப்பவே ஏன் சொல்லலே?" அதிகாரி எரிந்து விழுந்தார்.

"தண்ணியில வருதுன்னு தெரியலீங்க. எனக்கு மட்டுந்தான் வருதாக்கும்னு இருந்துட்டனுங்க."

ஐப்பசியில் புது டாங்கியே கிடையாது. காலியென்று மூடிப்போட்டிருந்த பழைய டாங்கியைத் தோண்டினார்கள். அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. நனைந்த மண்ணை லாரி லாரியாக அள்ளினார்கள். கிணற்றை ஆறு தடவை இறைத்துக் கொட்டினார்கள்.

ஆடியில் ஊற்று தெளிந்தது. ஊரார் குடித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். நாச்சம்மாள் ஒரு வாளி இறைத்து, அதில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை ஆழ இழுத்தாள்.

வெறும் தண்ணீர்.

அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, இன்னொரு வாளி இறைத்தாள்.