லித்தாரித் தீவில் யாரும் இல்லை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுதவே உட்காரவில்லை. எங்கள் லித்தாரித் தீவின் பூகோளமும் சரித்திரமும் எழுதித் தரும்படி ஊர்த்தலைவர் கேட்டிருந்தார். படகுத்துறையில் பலகை வைக்கப் போகிறாராம். மரூசோ அக்காவின் காப்பிக்கடையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

பூகோளம்: ஒரு குன்று, ஒரு கிணறு, ஒரு படகுத்துறை. மற்றதெல்லாம் காற்று. பள்ளிக்கூட வரைபடத்தில் முன்பு நாங்களும் இருந்தோம். புதிதாக வந்த வாத்தியார் ஈ எச்சம் என்று நினைத்து நகத்தால் சுரண்டிவிட்டார்.

சரித்திரம்: வெனிசுக்காரன் வந்தான், கிணற்றை எட்டிப் பார்த்தான், போய்விட்டான். துருக்கிக்காரன் வந்தான், அவனும் எட்டிப் பார்த்தான், போய்விட்டான். நடுவில் கடற்கொள்ளையர் வந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

தாள் மிச்சம் இருந்தது. வெறும் தாளைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இந்த வம்பு அப்படி வந்து சேர்ந்ததுதான்.

2.

முதல் ஆரம்பம்: "ஏஜியன் கடலின் நீலத் தனிமையில், காலம் கண்ணயர்ந்த..." (அடித்துவிட்டேன். கடல் இன்று பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருக்கிறது.)

இரண்டாம் ஆரம்பம்: "மரூசோ ஒரு விதவை. அவள் கண்களில் சொல்லொணாத..."

இதை வாசித்துக் காட்டினேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கண்ணுல என்னடா சொல்லொணாதது? வெங்காயம் அரிஞ்சேன். அதை எழுது."

"அக்கா, இது இலக்கியம்."

"பொய்யின்னு சொல்லேன். பொய்தான் எழுதப் போறேன்னா என் வயசையாவது கொறைச்சுப் போடு."

ஆகவே மூன்றாம் ஆரம்பம், அவள் அனுமதியோடு: மரூசோவுக்கு நாற்பது வயது.*

(* அடிக்குறிப்பு: ஐம்பதைத் தாண்டிவிட்டது. அடிக்குறிப்பை அவள் வாசிக்கச் சொல்ல மாட்டாள்.)

3.

இப்போது கொள்ளையர். கடலில் அந்நியப் பாய் தெரிந்தால் எங்கள் முன்னோர்கள் வாளை எடுக்கவில்லை. அடுப்பை அணைத்தார்கள். கோயில் மணியின் நாக்கைக் கழற்றினார்கள். கழுதைகளின் வாயில் பார்லிப் பையைக் கட்டினார்கள். குன்றின் மேல் கல்மதிலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார்கள். கொள்ளையர் பார்ப்பார்கள், ஆளில்லாத் தீவு என்று போய்விடுவார்கள். மற்ற தீவுகளுக்கெல்லாம் மாவீரர்கள் உண்டு. எங்களுக்கு இதுதான்.

ஒரே ஒரு தடவை மதிலுக்குப் பின்னால் ஒருத்தி தும்மிவிட்டாள். கொள்ளையர் ஏறி வந்து பாலாடைக்கட்டி அத்தனையும், கழுதைகளையும், கூடவே பாதிரியாரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதிரியாரை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கழுதைகள் வரவில்லை.

அதன் நினைவாக ஈஸ்டர் கழிந்து வரும் இரண்டாம் திங்கட்கிழமை எங்களுக்கு மௌன நாள். விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை புகை கூடாது, பேச்சு கூடாது, கடலிலிருந்து பார்த்தால் ஒரு தலை தெரியக் கூடாது. தும்மினவளின் வம்சத்து மூத்த பெண், மணிநாக்கை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் உட்கார வேண்டும். மரியாதை என்று பேர். தண்டனை என்பது ஊருக்கே தெரியும். அந்த வம்சத்துக்கு இன்றைக்கும் 'தும்மல் வீடு' என்றுதான் பெயர்.

மரூசோ தும்மல் வீட்டுக்காரி. சளி பிடித்தால் குன்றுக்கு அந்தப் பக்கம் போய்த் தும்மிவிட்டு வருவாள். பாவம்.

4.

கதாநாயகனைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த வயதில் ஒரு மனிதர் இவ்வளவு கூச்சப்படுவாரா? வாசகர் நம்ப மாட்டார். ஆனால் நான் என்ன செய்ய, ஆள் அப்படித்தான். பெயர் த்ரசீவுலோஸ், சீரோஸ் தீவில் கப்பல் தச்சர். போன இலையுதிர் காலத்தில் எங்கள் படகுகளைப் பழுது பார்க்க வந்தார், மரூசோவின் கடையில் தினமும் காப்பி குடித்தார், ஒரு நாளும் 'நன்றி'க்கு மேல் பேசவில்லை. போகும்போது கேட்காமலேயே கடையின் ஆடுகிற மேசைகளுக்கெல்லாம் கால் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பேரு நீளமா இருக்கு அக்கா. கதைக்குப் 'பானோ'ன்னு மாத்திடட்டுமா?"

"மாத்திப் பாரு. கையை ஒடிச்சு அடுப்புல வெப்பேன்."

போன வாரம் ஊரின் ஒரே டெலிபோன், அதாவது கடையின் டெலிபோன், அடித்தது. த்ரசீவுலோஸ்தான். கத்திப் பேசினால்தான் கேட்கும் என்பதால் ஊரே கேட்டது.

"திங்கக்கிழமை காலைக் கப்பல்ல அந்தப் பக்கமா வர்றேன். நீங்க துறையில நின்னா எறங்குவேன். நிக்கலேன்னா வேண்டாம்னு அர்த்தம். அப்படியே போயிடுவேன், உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்."

மரூசோ 'சரி' என்று வைத்தாள். கடையில் இருந்த எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். பாதிரியார் அந்திமோஸ் தன் காப்பியை வண்டல் வரை குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, திங்கக்கிழமை மௌன நாளாச்சே?"

கன்னம் சிவந்த அவசரத்தில் அவளுக்கு அது மறந்தேபோயிற்று. உடனே திருப்பிக் கூப்பிட்டாள். பட்டறையில் எடுத்தவன், "இப்பத்தான் கெளம்பிட்டாரும்மா, வழியில எங்கெங்கேயோ வேலை இருக்கு, அங்கேருந்தே கப்பல் ஏறிடுவாரு" என்றான்.

"சாமி, நான் மட்டும் கீழ போய் நின்னுக்கறேனே?"

"நில்லும்மா, யாரு தடுக்கறா? ஆனா 'தும்மல் வீடு மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு'ன்னு நாலு தலைமுறைக்குச் சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். நம்ம சனம் சொல்லும்."

5.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, கடையில் முடிவுகளை வாசித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று: மரூசோ மணிநாக்கை வீசிவிட்டுப் புயலாய்ப் படியிறங்கி ஓடுகிறாள்.

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டா? ஓடறாளாம்!"

முடிவு இரண்டு: அவர் கடலில் குதித்து நீந்தி வருகிறார்.

"அவருக்கு நீச்சல் தெரியாதுடா."

"கப்பல் தச்சருக்கா?"

"அதனாலதான் கப்பலை ஒழுங்கா செய்யறாரு."

முடிவு மூன்று: மீனவன் பொதீத்தோஸின் கழுதை பையை அறுத்துக்கொண்டு கத்துகிறது...

"என் கழுதைய உன் கதைக்குள்ள இழுக்காத" என்றான் பொதீத்தோஸ். "அது மானமுள்ள கழுதை."

எல்லோரும் சிரித்தோம். மரூசோ சிரிக்கவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஆடாத மேசையை.

"எனக்கு அவர் எறங்கணும்டா. அவ்வளவுதான். எப்படியாவது எறக்கிவிட்டுடு."

அதற்குப் பிறகு என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை.

6.

இன்று திங்கட்கிழமை. இதை மதிலுக்குப் பின்னால் குந்திக்கொண்டு எழுதுகிறேன். புகை இல்லை, பேச்சு இல்லை, கழுதைகள் பார்லி மெல்லுகின்றன. மரூசோ எல்லோருக்கும் முன்னால், மடியில் மணிநாக்கோடு. கறுப்பு உடை இல்லை, நீலம். யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

கப்பல் தீவின் முனையைச் சுற்றி வந்துவிட்டது. மதிலின் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். கம்பியோரம் ஒருவர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலியான படகுத்துறையைப் பார்த்தபடி நிற்கிறார். கப்பல் ஒரு முறை சங்கு ஊதியது.

மரூசோ எங்களைத் திரும்பிப் பார்க்கிறாள். பாதிரியார் வானத்தைப் பார்க்கிறார். இவள் ஒரு குரல் கொடுத்துவிட மாட்டாளா என்று அத்தனை முகமும் ஏங்குகிறது. குரல் கொடுக்க அதில் ஒரு முகத்துக்கும் துணிச்சல் இல்லை, என் முகம் உட்பட. கப்பல் இரண்டாம் முறை ஊதுகிறது. மரூசோ மடியிலிருந்த மணிநாக்கை எடுத்து, மெதுவாக எழுந்து

(பொதீத்தோஸ் என் பென்சிலைப் பிடித்துவிட்டான். எழுதுகிற சத்தம் கேட்கிறதாம். பிடுங்குவதற்குள் முடிக்கிறேன்.)

வாசகரே, நீங்கள் லித்தாரிக்காரர் இல்லை. உங்களுக்கு விரதம் இல்லை, பட்டப்பெயர் பயம் இல்லை, நாலு தலைமுறைப் பேச்சும் இல்லை. அவர் தொப்பியைத் தலையில் வைக்கிறார். த்ரசீவுலோஸ் என்று கூப்பிட வாய் வராவிட்டால் பரவாயில்லை.

ஒரு தும்மல் போதும். சீக்கிரம்.