பக்கெட் மேடம்

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய் திறந்து இங்கிலீஷ் பேசிய ஒரே இடம், அவளுடைய சமையலறைதான். காலையில் அவள் கேரட் நறுக்க, கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே பாடம் நடத்துவான். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அத்தி பூத்தாற்போல என்று பட்டென்று சொல்லிவிடுவாள். சிலதில் சொதப்புவாள். அவனுடைய பழைய மேனேஜர் இறந்தபோது, துக்கம் விசாரிக்கப் போகுமுன் ஒத்திகை பார்த்தாள்: "யுவர் ஹஸ்பண்ட் கிக்டு த பக்கெட், வெரி சாரி மேடம்."

அவன் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அடிப்பாவி, உங்க வீட்டுக்காரர் மண்டையைப் போட்டுட்டாராமேன்னு அவங்ககிட்டயே கேப்பியா?" அவளும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனிடம் தப்பாகப் பேசக் கூச்சமே இல்லை.

அவன் ஆபீஸில் ரிசப்ஷன் வேலை காலியாக இருந்தது. குடும்பத்தோடு வரச்சொல்லி ஆபீஸில் வைத்த மதிய விருந்தில், புது மேனேஜரிடம் தானே பேசிக் கேட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். பேச வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

கை கழுவும் இடத்தில் கேஷியரின் மனைவி சிநேகமாகச் சிரித்தாள். "பக்கெட் மேடம் நீங்கதானா? எங்க வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அந்த சாக்ஸ் கதைகூட நீங்கதானே?"

இன்டர்வியூவுக்கு முன்னால் 'கோல்டு ஃபீட்' என்று அவன் பயந்து உட்கார்ந்திருந்தபோது, கால்தான் சில்லிட்டுவிட்டதென்று அவள் சாக்ஸை இஸ்திரி போட்டுக் கதகதப்பாகக் கொண்டுவந்து மாட்டிவிட்ட கதை. அன்று அவன் அவள் தலையில் முகம் புதைத்து அழுதான். அந்தப் பாதியை ஆபீஸில் சொல்லியிருக்கமாட்டான்.

மேனேஜர் அவர்கள் மேஜைக்கு வந்து அவளிடம் ஏதோ கேட்டார். கேள்வி புரிந்தது. பதிலும் நுனிநாக்கில் இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஷீ இஸ் லிட்டில் ஷை, சார்" என்றான் கணவன்.

திரும்பும்போது, ஏன் பேசாமல் விட்டாய் என்று பஸ்ஸில் துளைத்தெடுத்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் கறுத்தது. "சும்மா தமாஷுக்குச் சொன்னதும்மா. உன்னை யாரும் தப்பா நெனைக்கல."

"தப்பாப் பேச எனக்கு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பி.

மறுநாள் காலை இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்று, புதிதாக ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நேரமாகிறது என்று டிபன் டப்பாவை அவன் கையில் கொடுத்தாள்.

தெருமுனைவரை போனவன், போனை மறந்துவிட்டதால் திரும்பி வந்தான். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் தனியாக, தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தாள். ஷூவைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றான். கால் மாற்றி வைத்ததில் ஷூ கிறீச்சிட்டது.

பேச்சு நின்றுவிட்டது.